நீல வீரனும் தகடூர்ச் சிரிப்பும்

1986-இல் அமெரிக்கச் சித்திரக்கதை உலகம் இருண்டு கிடந்தது. ஃபிராங்க் மில்லரின் ‘டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’, ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் படைத்த ‘வாட்ச்மென்’ இரண்டும் அந்த ஆண்டில்தான் வரத் தொடங்கின. முகமூடி நாயகர்கள் குற்ற உணர்விலும் வன்மத்திலும் உழன்றார்கள். அதே ஆண்டில், பதின்பருவத்தைத் தாண்டாத பென் எட்லண்ட், மாசசூசெட்ஸ் பக்கத்துக் காமிக்ஸ் கடைகள் நடத்திய செய்திமடலுக்காக நீல உடை போட்ட ஒரு பெருத்த உடம்புக்காரனை வரைந்தார். பெயர் ‘தி டிக்’. நாய்க்கும் மாட்டுக்கும் பிடிக்கிற உண்ணியின் பெயர்தான். 1988-இல் அவனுக்குத் தனி இதழ் வந்தது. 1994 செப்டம்பரில் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் கார்ட்டூன் தொடரானான். மூன்று பருவங்களில் 36 அத்தியாயங்கள் வந்து, 1996 நவம்பரில் தொடர் முடிந்தது.

இவ்வளவு சின்னத் தொடர் முப்பது ஆண்டுகள் கழித்தும் நெஞ்சில் நிற்கக் காரணம் இருக்கிறது. டிக்குக்கு உடல் வலிமை அளவில்லாமல் உண்டு, புத்தி கொஞ்சம்தான். தன் போர்முழக்கத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கண்டுபிடிக்கிறான். கையிலிருந்த கரண்டியைப் பார்த்து “ஸ்பூன்!” என்று கத்துகிறான், அதுவே நிலைத்துவிடுகிறது. அவனுடைய கூட்டாளி ஆர்தர் கணக்கெழுதிப் பிழைத்தவன். அந்துப்பூச்சி உடையைப் போட்டுக்கொண்டு அலுவலகம் போனதால் வேலை இழந்தவன். சண்டை என்று வந்தால், முகத்தில் மட்டும் அடிக்காதீர்கள் என்று அலறுவான். ஆனாலும் ஓடமாட்டான். டிக் காக்கும் ஊரில் இன்னொரு நாயகன் இருக்கிறான், பேட்மேனின் கேலி வடிவம். மிடுக்கான உடை, விலையுயர்ந்த கருவிகள் எல்லாம் வைத்திருப்பான். ஆபத்து வந்ததும் முதலில் மறைகிறவனும் அவன்தான். தலைக்குப் பதில் நாற்காலி முளைத்த வில்லன் ஒருவன் தன் பெயரை நிலாவில் பொறிக்க முனைகிறான். மூன்று எழுத்தோடு தடுத்துவிடுகிறார்கள். ஆனால் பின்னால் வரும் அத்தியாயங்களிலும் நிலாவில் அந்தத் தழும்பு தெரிகிறது. பிள்ளைகளுக்கான வேடிக்கைத் தொடரில் இப்படி ஒரு ஞாபகசக்தியை வைத்திருப்பது சாதாரண விஷயமில்லை.

எட்லண்ட் கேலி செய்வது வீரத்தின் அலங்காரத்தை. ஆர்தரின் நடுக்கத்தை அவர் ஒருநாளும் இழிவுபடுத்துவதில்லை. இந்த வகைக் கார்ட்டூன்களை எடைபோட நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். அதன்படி பார்த்தால், 1995-இல் வந்த ‘ஃபிரீக்கஸாய்டு’ வேகமான கோமாளித்தனம், அதற்குமேல் இல்லை. அதே ஆண்டில் தொடங்கிய ‘தி மாஸ்க்’ ஒருபடி மேல். வங்கியில் வேலை பார்க்கும் கூச்ச சுபாவி ஒருவன் மரமுகமூடியை மாட்டியதும் கட்டவிழ்கிற கதையில் ஒரு சாமானியனின் ஏக்கம் இருக்கிறது. 1998-இல் கிரெய்க் மெக்கிராக்கன் தந்த ‘பவர்பஃப் கேர்ள்ஸ்’ இந்த வரிசையில் டிக்குக்குச் சமமாக வைக்கத் தக்கது. பாலர் பள்ளிக்குப் போகிற மூன்று சிறுமிகள் ஊரைக் காக்கிறார்கள். ஊர்த்தலைவருக்கோ ஊறுகாய்ப் புட்டியைத் திறக்கக்கூட அவர்கள் வரவேண்டும். அதிகாரம் எவ்வளவு சிறுபிள்ளைத்தனமானது என்பதைச் சிறுபிள்ளைகளுக்கே புரியவைத்த தொடர் அது.

அமெரிக்காவில் பிறந்த இந்தச் சிரிப்பு தமிழகத்தின் தருமபுரி மாவட்டத்துக்குப் பல தவணைகளில் வந்து சேர்ந்தது. அச்சில் முன்னோட்டம் இருந்தது. சிவகாசியின் முத்து காமிக்ஸ் 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது, 1984-இல் லயன் காமிக்ஸ் வந்தது. அங்கே வீரத்துக்கு மாயாவியும் ஸ்பைடரும், சிரிப்புக்கு லக்கி லூக் என்று வேலை பிரிக்கப்பட்டிருந்தது. இரண்டையும் ஒரே ஆளிடம் பார்க்க 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு தூர்தர்ஷனில் ‘சக்திமான்’ வந்தான். சுழன்று பறக்கும் நாயகனாகவும், துருத்திய பல்லோடு உளறிக்கொட்டும் கங்காதராகவும் முகேஷ் கன்னா ஒருவரே நடித்தார். பேச்சு இந்தி. ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் படம் பிடித்த வீடுகளில் மொழி தெரியாமலே பிள்ளைகள் கங்காதரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

1995-இல் இந்தியாவுக்கு வந்த கார்ட்டூன் நெட்வொர்க், 2000 வாக்கில் சில நிகழ்ச்சிகளைத் தமிழில் பேசவைத்தது. அப்போது அது கேபிள் இணைப்புள்ள வீடுகளின் சொத்து. தருமபுரி நகரத்துப் பிள்ளைக்குக் கிடைத்தது அரூர், பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர்ப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. 2006-இல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியதும், 2007 ஏப்ரலில் சுட்டி டிவி பிறந்ததும் நிலைமையை மாற்றின. கூரை வீட்டிலும் கார்ட்டூன் தமிழ் பேசியது. சுட்டி டிவியின் ‘ஜாக்கி சான்’ தொடர் 2000-இல் அமெரிக்காவில் தொடங்கியது. தொண்ணூறுகளைத் தாண்டி வந்தாலும் குணத்தால் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. சண்டை வேண்டாம் என்று கெஞ்சிக்கொண்டே சண்டை போடும் நாயகன், அவனை ஓயாமல் அதட்டும் பெரியவர். அந்தப் பெரியவரின் தமிழ்க் குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்றும் அதைப் பேசிக்காட்டி மகிழ்கிறது.

சிரிப்பு வீரர்கள் மேலுள்ள இந்தப் பிரியம் வெளியிலிருந்து வந்த புதுப்பழக்கம் என்று சொல்கிறவர்கள் தகடூரை மறந்துவிடுகிறார்கள். தருமபுரியின் பழைய பெயர் அது, அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் அங்கிருந்த படைக்கலக் கொட்டிலைப் பார்த்துப் பாடியது புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. தொண்டைமானின் ஆயுதங்கள் மயிற்பீலி சூடி, மாலை போட்டு, நெய் பூசி, காவல் மிகுந்த மனையில் இருக்கின்றன. அஞ்சியின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புகழ்வது போலத் தொடங்கிக் காலை வாரிவிடும் பாட்டு அது. டிக் தொடரில் பளபளக்கும் கருவி வைத்திருப்பவன் ஓடுவதும், அந்துப்பூச்சி உடைக்காரன் நிற்பதும் இதே கணக்குதான். ஔவையார் படித்த கொட்டிலில்தான் எட்லண்டும் படித்தாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கூட்டாளிக்கும் இந்த வட்டாரத்தில் மரியாதை உண்டு. தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்கள் ஆநிரைச் சண்டையில் விழுந்தவர்களின் நினைவுக் கற்கள். பக்கத்துச் செங்கம் பகுதியின் எடுத்தனூர் நடுகல்லில் வீரனோடு அவன் நாயும் இருக்கிறது. கள்வரைக் கடித்துக் காத்த அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டு சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு கூட்டாளியின் பெயரைக் கல்லில் வெட்டிவைத்த ஊர்ப்புறம் இது.

கூத்தைச் சொல்லாமல் இந்த ஆய்வு நிறையாது. சேலம், தருமபுரி பக்கத்துக் கூத்தில், திரைக்குப் பின்னால் துரியோதனன் கிரீடமும் புஜக்கட்டையுமாக நின்று உறுமும்போது, முன்னால் நிற்கும் கோமாளியான கட்டியங்காரன், “யாருப்பா நீ? எந்த ஊரு?” என்று கேட்டுவிடுவான். ராஜா செய்யுளில் சொன்னதை அவன் ஊர்ப்பேச்சில் கொச்சையாகத் திருப்பிச் சொல்வான். பஸ் கட்டணமும் தக்காளி விலையும் மகாபாரதத்துக்குள் நுழையும். ராஜா கோபிப்பான், சபை சிரிக்கும். அதே சபைதான் விடியற்காலையில் துரியோதனன் விழும்போது கண்கலங்குகிறது. சிரித்த வாயோடு அழவும் தெரிந்த பார்வையாளருக்கு டிக் அந்நியனில்லை.

தமிழ் சினிமா இந்த இழையை அண்மையில்தான் பிடித்திருக்கிறது. மிஷ்கினின் ‘முகமூடி’ (2012) இறுகிய முகத்தோடு வந்து தோற்றது. 2023-இல் வந்த ‘வீரன்’ மின்னல் தாக்கி ஆற்றல் பெற்றவனை ஊர்க்காவல் தெய்வத்தோடு இணைத்தது, நல்ல கற்பனை. அதே ஆண்டு மடோன் அஷ்வினின் ‘மாவீரன்’ இன்னும் ஆழம் போனது. சித்திரக்கதை வரையும் கோழை ஒருவன், தான் படைத்த வீரனின் கதையைச் சொல்லும் குரல் தன் காதில் கேட்க, வேறு வழியில்லாமல் வீரனாகிறான். என் பார்வையில் தமிழில் இதுவரை வந்த சிரிப்பு வீரர்களில் இவனே முதல்வன். ஆனால் இவையெல்லாம் ஆட்கள் நடித்த படங்கள். கட்டியங்காரனையும் அஞ்சியையும் வைத்துத் தமிழிலேயே பிறந்து நிலைத்த ஒரு கார்ட்டூன் தொடர் நமக்கு இன்னும் வாய்க்கவில்லை.

ஆய்வுத் துறையில் நிலைமை இதைவிட மோசம். அச்சுக் காமிக்ஸ் பற்றி வாசகர்கள் ஆர்வத்தோடு எழுதிவருகிறார்கள். கூத்துக்கு மணல்வீடு போன்ற சிற்றிதழ் இருக்கிறது. கார்ட்டூன்களுக்குத் தமிழ் கொடுத்தவர்களைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. வாய் அசையும் நேரத்துக்குள் வசனத்தை அடக்கி, அமெரிக்கக் கேலியை இங்கத்திய நக்கலாக மாற்றி, ஒரு நாளில் பல குரலில் பேசிய அந்தக் கலைஞர்கள் கட்டியங்காரனின் வேலையைத்தான் ஒலிப்பதிவுக் கூடத்தில் செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது.

1994-இல் தொடங்கிய சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தமிழ் அச்சுக்குச் செய்ததைத் தமிழ் டப்பிங்குக்கும் ஒருவர் செய்ய வேண்டும். அந்தக் காலத்து வீடியோ நாடாவோ குறுந்தகடோ உங்கள் பரணில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். வசனம் எழுதியவர்களையும் குரல் கொடுத்தவர்களையும் தெரிந்தவர்கள், அவர்கள் இருக்கும்போதே நேர்கண்டு பெயரோடும் ஆண்டோடும் எழுதி வையுங்கள்.