முதல் தீர்ப்பும் மறுவெளியீடும்

பாப் டிலனின் 'செல்ஃப் போர்ட்ரெய்ட்' 1970 ஜூன் மாதம் இரட்டை இசைத்தட்டாக வந்தது. மொத்தம் 24 பாடல்கள். தொடக்கப் பாட்டில் டிலனின் குரலே கிடையாது. பெண்குரல்கள் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருக்கும். அடுத்த மாதம் 'ரோலிங் ஸ்டோன்' இதழில் கிரீல் மார்கஸ் எழுதிய மதிப்புரை ஒரு வசைச்சொல்லையே கேள்வியாக்கித் தொடங்கி, தட்டைப் பாட்டுப் பாட்டாகப் பிரித்து மேய்ந்தது. அந்த முதல் வாக்கியத்தை ராக் விமர்சகர்கள் இன்றுவரை எடுத்துக்காட்டுகிறார்கள்.

43 ஆண்டுகள் ஓடின. அதே காலத்து ஒலிப்பதிவுகள் 2013இல் 'அனதர் செல்ஃப் போர்ட்ரெய்ட்' என்ற பெயரில் மீண்டும் வெளிவந்தன. அதில் இடம்பெற்ற அறிமுகக் கட்டுரையை எழுதியவர் அதே மார்கஸ்! அவர் மனம் மாறிவிட்டார் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் கேட்கக் கிடைத்த பொருளே மாறியிருந்தது. நாஷ்வில்லில் பின்னால் ஏற்றப்பட்ட தந்தி வாத்தியங்களும் கூட்டுக்குரல்களும் பல பாடல்களிலிருந்து நீக்கப்பட்டு, கிதாரோடு ஒட்டி நிற்கும் குரல் வெளிப்பட்டது. 1970இல் கடையில் கிடைத்த தட்டைப் பற்றி அவர் எழுதியதும் சரி, 2013இல் கேட்டதைப் பற்றி எழுதியதும் சரி. மறுவெளியீட்டை எடை போடுகிறவர் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்: எது பழையது, எது சேர்ந்தது, எது கழிந்தது.

ராக் இசையைத் தீவிரமாக எழுதும் மரபுக்கு 1970இல் வயது நான்குதான். 1966இல் பால் வில்லியம்ஸ் என்ற 17 வயது கல்லூரி மாணவர் 'க்ராடாடி' இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் யான் வென்னரும் ரால்ஃப் கிளீசனும் 'ரோலிங் ஸ்டோ'னைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் பாட்டுச் செய்தி என்றால் பெரும்பாலும் விற்பனைப் பட்டியலும் நட்சத்திரங்களைப் பற்றிய துணுக்குகளும்தான். புதிதாக எழுத வந்த இளைஞர்களுக்கு முன்மாதிரியும் குறைவு, தயக்கமும் குறைவு. லெட் செப்பலினின் முதல் ஆல்பத்தை 1969 மார்ச்சில் ஜான் மெண்டல்சன் அதே இதழில் கடுமையாகத் தாக்கியதைப் பின்வந்த தலைமுறைகள் கேலிக்குரிய பிழையாகவே நினைவில் வைத்திருக்கின்றன. ஆனால் குழுவின் கிதார் கலைஞர் பேஜின் பாட்டெழுத்து பலவீனம் என்ற அவருடைய குறை இன்றும் விவாதிக்கத் தக்கது.

அமெரிக்க விமர்சனம் விரைவிலேயே பல பள்ளிகளாகக் கிளைத்தது. ஒரு பாட்டுக்குள் நாட்டின் வரலாற்றைத் தேடுவது மார்கஸின் வழி. 'வில்லேஜ் வாய்ஸ்' இதழில் ராபர்ட் கிறிஸ்ட்காவ் 1969இல் தொடங்கிய 'கன்ஸ்யூமர் கைட்' பத்தி இதற்கு நேர் எதிர்த் திசை: ஒரு தட்டுக்கு ஒரு சிறு பத்தி, பக்கத்தில் பள்ளிக்கூட அறிக்கையில் இருப்பதுபோல் எழுத்து மதிப்பெண். காசு கொடுத்து வாங்கலாமா என்ற வாசகரின் கேள்விக்கு நாலைந்து வாக்கியங்களில் விடை சொல்லிவிடுவார். அந்தச் சுருக்கத்துக்குள் அவர் அடைத்துவைத்த கருத்துகளைப் பிரித்துப் பார்க்க ஒரு பக்கம் வேண்டும்.

லெஸ்டர் பேங்ஸ் தனி ஆவேசம். 'ரோலிங் ஸ்டோ'னில் அவர் முதலில் எழுதியதே, 1969இல், டெட்ராய்ட் குழுவான எம்சி5இன் ஆல்பத்தைச் சாடும் மதிப்புரை. பிறகு அதே தட்டின் மீது அவருக்குப் பெரும் பிடிப்பு ஏற்பட்டது. 'க்ரீம்' இதழுக்காக டெட்ராய்ட்டுக்கே குடிபோய்விட்டார். தன் தூக்கமின்மை, வெறுப்பு, பிரியம் எல்லாவற்றையும் மதிப்புரைக்குள் கொட்டினார். 1982இல் 33 வயதில் இறந்தார். அவரைப் போலி செய்தவர்கள் ஆவேசத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்; அவருடைய கூர்மையான காது அவர்களுக்குக் கைவரவில்லை.

இவர்களைவிட அதிகம் படிக்கப்பட வேண்டியவர் எலன் வில்லிஸ். 'நியூயார்க்கர்' இதழின் முதல் பாப் இசை விமர்சகர். 1968 முதல் 1975 வரை அங்கே எழுதினார். பெண்ணியச் செயல்பாட்டாளரான அவர், பெண்களை இழிவாகப் பேசும் முரட்டு ராக் தனக்கு ஏன் விடுதலை உணர்வைத் தருகிறது, நல்ல கருத்துள்ள மென்மையான பாட்டு ஏன் தன்னை அடக்கிவைக்கிறது என்ற சிக்கலை நேருக்கு நேர் எதிர்கொண்டார். பாட்டின் பொருளும் ஒலியும் எதிரெதிராக இழுக்கும்போது ஒன்றை மறைத்து மற்றதைப் பேசாமல் இரண்டையும் சொல்வது அவருடைய நேர்மை. அவருடைய ராக் கட்டுரைகள் 2011இல்தான், அவர் மறைந்த பிறகு, தனி நூலாகத் தொகுக்கப்பட்டன.

பிரிட்டனில் வேகம் வேறு. 1926இல் பிறந்த 'மெலடி மேக்கர்', 1952இல் வந்த 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' ஆகியவை வாரப் பத்திரிகைகளாக இருந்தன. வாரம் ஒரு மீட்பர் வேண்டும், வாரம் ஒரு பலி வேண்டும். குறுந்தட்டுக் காலத்தில் பிறந்த 'க்யூ' (1986) ஐந்து நட்சத்திர அளவுகோலோடு நிதானமான வாசகரைத் தேடியது. பழைய வினைல் சேகரத்தைக் குறுந்தட்டில் மறுபடி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். 1993இல் வந்த 'மோஜோ' பழைய இசையையே தன் மையமாக்கிக்கொண்டது.

நட்சத்திரங்களின் ஆபத்தை 1997 ஆகஸ்டு காட்டியது. ஓயசிஸ் குழுவின் 'பீ ஹியர் நவ்' வெளியானபோது பிரிட்டிஷ் இதழ்கள் வரிசையாகப் புகழ்ந்தன. 'க்யூ' ஐந்து நட்சத்திரம் தந்தது. முந்தைய ஆல்பத்துக்குப் போதிய புகழ் தராமல் விட்ட குறையை இந்த முறை ஈடுகட்டினார்கள். சில மாதங்களிலேயே கருத்து திரும்பியது: பாடல்கள் நீளம், கிதார்கள் அடுக்கடுக்காக அழுத்துகின்றன. 2016இல் மறுவெளியீட்டுக்காக நோயல் கேலகர் முழுத் தட்டையும் புதிதாகக் கலக்கத் தொடங்கி ஒரே பாட்டோடு நிறுத்திக்கொண்டார். மெண்டல்சனின் கடுமையைவிட இந்தப் பாராட்டு வாசகரை அதிகம் ஏமாற்றியது. அவர் தான் கேட்டதை எழுதினார். இவர்கள் எதிர்பார்த்ததை எழுதினார்கள்.

மறுவெளியீட்டு விமர்சனத்துக்குத் தொழில்நுட்பக் காதும் வேண்டும். பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' 1967இல் உருவானபோது குழுவினர் அக்கறையோடு உடனிருந்தது மோனோ கலவைக்கு. ஸ்டீரியோ கலவை அவர்கள் இல்லாமல் விரைவாக முடிக்கப்பட்டது; உலகில் பெரும்பாலோர் பின்னர் கேட்டு வளர்ந்தது அதைத்தான். 2009இல் மோனோ தொகுப்பு வந்தது. 2017இல் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மூல நாடாக்களிலிருந்து புதிய ஸ்டீரியோ கலவை செய்தார். பெட்டியின் மேலட்டையைப் பார்த்து ஐந்து நட்சத்திரம் தருகிறவர் இந்த மூன்றில் எதைப் பாராட்டுகிறார் என்பது வாசகருக்குத் தெரியாமலே போகிறது. பெரும்பாலான மறுவெளியீட்டு மதிப்புரைகள் இந்த இடத்தில்தான் தோற்கின்றன. நினைவுச்சின்னத்துக்கு மாலை போட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன.

இணையக் காலத்தின் பள்ளி 'பிட்ச்ஃபோர்க்'. ரயன் ஷ்ரைபர் மினியாபொலிஸில் தொண்ணூறுகளின் நடுவில் தொடங்கிய இது, 0.0 முதல் 10.0 வரை தசமத்தில் மதிப்பெண் இட்டது. ரேடியோஹெட்டின் 'கிட் ஏ' 2000இல் முழு 10 வாங்கியது. லிஸ் ஃபேர் தன் பெயரிலேயே 2003இல் வெளியிட்ட ஆல்பம் வெகுசனப் பாப் பக்கம் சாய்ந்ததற்காக 0.0 வாங்கியது. மறு ஆண்டு 'நியூயார்க் டைம்ஸி'ல் கெலெஃபா சானே, ராக்கை உயர்ந்ததாகவும் பாப்பைத் தாழ்ந்ததாகவும் வைக்கும் பழக்கத்தைக் கேள்விக்கு உட்படுத்திக் கட்டுரை எழுதினார். அதன் பிறகு அந்தச் சுழியத்தை ஆதரித்துப் பேசுவது கடினமாயிற்று. 2021இல் 'பிட்ச்ஃபோர்க்' தன் பழைய மதிப்பெண்கள் சிலவற்றைத் திருத்திப் பார்த்தது: லிஸ் ஃபேருக்கு 6, 2001இல் 6.4 பெற்ற டாஃப்ட் பங்கின் 'டிஸ்கவரி'க்கு முழு 10. ஒரு எண்ணை இன்னொரு எண்ணால் அடிப்பதில் பெரிய பயன் இல்லை. அந்தத் தளத்தின் உண்மையான சாதனை ஞாயிற்றுக்கிழமைதோறும் வரும் நீண்ட மதிப்புரைகள். ஒரு பழைய தட்டை எடுத்து, அது பிறந்த ஊர், பதிவான அறை, முதலில் அதைக் கேட்டவர்கள், இன்று அது ஒலிக்கும் விதம் ஆகியவற்றை அவசரமில்லாமல் எழுத அங்கே இடம் இருந்தது.

அப்படிப்பட்ட இடங்கள் சுருங்கி வருகின்றன. 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' வார அச்சு 2018இலும் 'க்யூ' 2020இலும் நின்றன. 2024 ஜனவரியில் 'பிட்ச்ஃபோர்க்'கை அதன் உரிமையாளரான காண்டே நாஸ்ட், ஆண்களுக்கான 'ஜி.க்யூ.' இதழோடு இணைத்துப் பலரை வேலையிலிருந்து நீக்கியது. அந்த ஆண்டே அங்கிருந்து வெளியேறியவர்கள் சிலர் சேர்ந்து, எழுதுபவர்களே உரிமையாளர்களாக இருக்கும் 'ஹியரிங் திங்ஸ்' என்ற இசைத் தளத்தைத் தொடங்கி எழுதி வருகிறார்கள்.