பானட் மேல் ஸ்டெப்னி

பழைய லேண்ட் ரோவரின் முகத்துக்குக் களை தருவது பானட்டின் மேல் படுத்திருக்கும் ஸ்டெப்னிதான். பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும். ஆனால் கெட்டிக்காரத்தனமான இடம். வண்டிக்கு அடியில் மாட்டினால் பாறை இடிக்கும், சேறு அப்பும். பஞ்சரான வண்டி சகதியில் பதிந்துவிட்டால் டயரை வெளியே இழுக்கவே வழியிருக்காது. பின்கதவில் மாட்டினால் குலுங்கிக் குலுங்கி நாளடைவில் கீல் தொய்யும். பானட்டில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. என்ன, ஆயில் பார்க்க மூடியைத் தூக்கும்போதெல்லாம் தோள்பட்டை கழன்றுவிடும்!

கூடப் போகும் சாமான்களில் என் ஓட்டு ஜெர்ரி கேனுக்கு. 1930-களில் ஜெர்மானியர்கள் ராணுவத்துக்காக வடிவமைத்த 20 லிட்டர் இரும்புக் கேன். தலையில் மூன்று கைப்பிடிகள். நிறைந்த கேனை ஒருவர் நடுப்பிடியில் தூக்கலாம், இருவரென்றால் ஆளுக்கொரு ஓரம்; காலியென்றால் ஒரே கையில் இரண்டு. பக்கவாட்டில் அழுத்தியிருக்கும் குறுக்குக் கோடுகள் அலங்காரம் என்றுதான் தோன்றும். பெட்ரோல் சூட்டில் விரியும்போது தகடு உப்பிக்கொடுப்பது அவற்றால்தான்.

கூரையில் மட்டும் கனத்தை ஏற்றாதீர்கள். வண்டி சரிவில் சாயும்போது மேலே உள்ள ஒவ்வொரு கிலோவும் கவிழ்க்கத்தான் பார்க்கும். கனமானதெல்லாம் கீழே, இரண்டு அச்சுக்கும் நடுவே இருக்கட்டும். கூரைக்குப் படுக்கையும் கூடாரமும் போதும்.