ஒரு ராத்திரி வைத்த தண்ணீர்

சென்னையில் மாடித்தோட்டம் போடுகிறவர்களிடையே ஒரு பழக்கம் நன்றாக வேர்விட்டிருக்கிறது. குழாய்த் தண்ணீரை நேரே செடிக்கு ஊற்றக் கூடாது. வாளியில் பிடித்து ஒரு ராத்திரி திறந்து வைத்து, காலையில்தான் ஊற்ற வேண்டும். அப்படி வைத்தால் குளோரின் பறந்துபோகும், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் பிழைக்கும், செடி செழிக்கும் என்று காரணம் சொல்கிறார்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. குளோரின் நிஜமாகவே காற்றில் கலந்து போகக்கூடியது. ஆனால், இந்தப் பழக்கம் சின்னத் தொல்லை ஒன்றைத் தீர்த்துவிட்டு, பெரிய தொல்லையைத் தொடாமலே விட்டுவிடுகிறது. தொட்டிச் செடியை மெல்ல மெல்லக் கெடுப்பது பறந்துபோகிற குளோரினைவிட, பறக்காமல் தங்கிவிடுகிற உப்புதான்.

முதலில் குளோரின் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐஎஸ் 10500, 2012) குழாய்க்கு வந்து சேரும் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும் என்கிறது. தவிர்க்க முடியாத இடத்தில் 1 மில்லிகிராம் வரை போகலாம். அமெரிக்காவின் கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையம் 1987-இல் வெளியிட்ட சோதனை முடிவின்படி, ஜெரேனியம், பிகோனியா போன்ற மென்மையான செடிகளுக்கே 2 மில்லிகிராமில்தான் வளர்ச்சி குறையத் தொடங்கியது. தக்காளியும் மிளகாயும் 8 மில்லிகிராமில்தான் தடுமாறின. மண்ணில் விழுந்த குளோரின் மக்கிய இலை, தொழுவுரம், தென்னை நார்க்கழிவு என்று எதிர்ப்பட்ட கரிமப் பொருளோடு வினைபுரிந்து சீக்கிரமே குளோரைடாகிவிடும். மேல்மண்ணில் கொஞ்சம் நுண்ணுயிர் மடிந்தாலும், கீழே இருப்பவை பெருகி அந்த இடத்தை நிரப்பிவிடும். போதாக்குறைக்கு, அடுக்ககங்களில் தண்ணீர் சம்ப்பிலும் மேல்நிலைத் தொட்டியிலும் கிடந்துவிட்டுத்தான் குழாய்க்கு வருகிறது. வாளி செய்ய வேண்டிய வேலையில் பாதியைத் தொட்டியே முடித்துவிடுகிறது.

அதற்காகப் பழக்கம் வீண் என்று சொல்லிவிடக் கூடாது. சூடோமோனாஸ், அசோஸ்பைரில்லம் போன்ற உயிர் உரங்களைக் கரைக்கும்போதும், ஜீவாமிர்தம் தயாரிக்கும்போதும் காத்திருப்பதில் முழு நியாயம் இருக்கிறது. வெறும் தண்ணீரில் குளோரினை மட்டுப்படுத்த மண் இல்லை. காசு கொடுத்து வாங்கிய பாக்டீரியா கரைசலிலேயே செத்துப்போகும். இன்னொரு சந்தர்ப்பம், சம்ப்பில் பிளீச்சிங் பவுடர் போட்ட நாள். 33 விழுக்காடு குளோரின் உள்ள பவுடரில் வெறும் 50 கிராமை 5,000 லிட்டரில் கலந்தாலே லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டிவிடும். அளந்து போடுகிறவர்களைவிடக் கைக்கணக்கில் தூவுகிறவர்களே அதிகம் என்பதால், மூக்கில் நெடி ஏறுகிற அன்று தண்ணீரை ஆறவிடுவது புத்திசாலித்தனம். சித்திரை வெயிலில் கறுப்புத் தொட்டியில் கொதித்த தண்ணீர் ஒரு ராத்திரியில் குளிர்ந்துவிடுகிறது என்பதும் ஒரு நன்மை. தண்ணீரை வைத்திருந்து ஊற்றியதில் செடி தேறியது என்று சொல்கிறவர்களில் பலர், சூடு தணிந்ததால் வந்த பலனைக் குளோரின் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள் என்றே தோன்றுகிறது.

இனி உப்புக்கு வருவோம். குடிநீரில் கரைந்த உப்புகளின் அளவு, அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரையிலும் அனுமதி உண்டு. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 1985-இல் வெளியிட்ட பாசன நீர் வழிகாட்டியோ, 450-க்குக் கீழே இருந்தால்தான் கவலையில்லை என்கிறது. பீன்ஸ் போல உப்புத் தாங்காத பயிர்களுக்கு ஏறத்தாழ அந்த எல்லையிலேயே விளைச்சல் சரியத் தொடங்கும். ஆக, மனிதர் குடிக்கத் தகுந்த தண்ணீரெல்லாம் செடிக்கும் தகுந்தது என்று வைத்துக்கொள்ள முடியாது. வயலில் தேங்கும் உப்பைக் கனமழை கீழே இறக்கிவிடும். வளர்ப்புப் பையிலோ, மழை இல்லாத மாதங்களில் அது வேகமாகச் சேர்ந்துவிடும். 1,000 டிடிஎஸ் உள்ள போர் தண்ணீரை ஒரு பைக்கு நாளுக்கு ஒரு லிட்டர் வீதம் அடியில் வடியாமல் ஊற்றினால், நூறு நாளில் நூறு கிராம் உப்பு உள்ளே போயிருக்கும். தண்ணீரைச் செடி உறிஞ்சிக்கொள்கிறது, வெயில் குடித்துவிடுகிறது. உப்பில் பெரும்பகுதி அங்கேயே கிடக்கிறது. மண்தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்பதும், இலையின் ஓரம் தீய்ந்ததுபோல் பழுப்பேறிச் சுருள்வதும் இதன் அடையாளங்கள். ஒரு ராத்திரி திறந்து வைத்த வாளியில் இந்த உப்பு ஒரு துளியும் குறையாது. கொஞ்சம் தண்ணீர் ஆவியானால் செறிவு கூடத்தான் செய்யும்.

உப்பின் அளவோடு அதன் வகையையும் பார்க்க வேண்டும். கடினநீரில் உள்ள பைகார்பனேட், மண்ணின் காரத்தன்மையை வாரத்துக்கு வாரம் ஏற்றிக்கொண்டே போகும். காரம் கூடினால் மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேருக்கு எட்டாது. இட்லிப்பூச் செடியின் இளம் இலைகளில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்: நரம்புகள் பச்சையாகவே இருக்கும், இடைப்பட்ட பகுதி வெளிறி மஞ்சளாகும். கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றும் வீட்டு வழக்கம் இந்த இடத்தில் அர்த்தமுள்ளது. மோரின் அமிலம் காரத்தைச் சற்றுத் தணிக்கிறது. ஆனால், தினமும் காரத்தைக் கொண்டுவந்து கொட்டும் தண்ணீருக்கு எப்போதாவது ஊற்றும் ஒரு டம்ளர் மோர் ஈடாகாது.

தண்ணீரைச் சுத்திகரிக்க நாம் செய்யும் வேலைகளில் குளோரினைவிடச் செடிக்குக் கெடுதலானவை உண்டு. பல அடுக்ககங்களில் கடினநீரை மென்னீராக்கும் கருவி இருக்கிறது. அது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு, அவற்றுக்குப் பதிலாகச் சோடியத்தை விடுகிறது. அதற்காகத்தான் மூட்டை மூட்டையாக உப்பு வாங்குகிறார்கள். சோப்பு நுரைக்கிறது, குழாயில் வெள்ளைப் படிவு இல்லை என்று வீடு மகிழும்போது, தொட்டியிலுள்ள களிமண் சோடியத்தால் இறுகிக் காற்றுப் புகாமல் போகிறது. டிடிஎஸ் மீட்டரில் பெரிய வித்தியாசம் தெரியாது என்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆர்ஓ கருவி கழித்துவிடும் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுவதும் நல்லெண்ணத்தில் பிறந்த தவறுதான். 800 டிடிஎஸ் உள்ள மூன்று லிட்டரில் ஒரு லிட்டரைக் குடிநீராகப் பிரித்தால், மிச்சம் இரண்டு லிட்டரில் 1,150-க்கும் மேல் நிற்கும். அந்தத் தண்ணீர் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் ஆகும். தொட்டிச் செடிக்கு ஆகாது.

இவ்வளவு உப்பு என்றால், நகரத்தில் இத்தனை மாடித்தோட்டங்கள் எப்படிப் பச்சையாக நிற்கின்றன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஏரிகளிலிருந்து வரும் மெட்ரோ தண்ணீரில் போர் தண்ணீரைவிடப் பொதுவாக உப்புக் குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழை ஒவ்வோர் ஆண்டும் பைகளைக் கழுவிவிடுகிறது. தொல்லை தலைதூக்குவது கோடையில்தான். 2019-இல் ஏரிகள் வறண்டபோது நடந்ததுபோல, நகரம் லாரியையும் போரையும் நம்பியிருக்கும் மாதங்களில் செடி கருகினால் பழி வெயில்மேல் விழுகிறது. இன்னொரு மறுப்பு, காத்திருப்பதில் செலவொன்றும் இல்லையே என்பது. வாளியை மறுநாளே காலி செய்தால் செலவில்லைதான். நாள் கணக்கில் திறந்து கிடக்கும் டிரம்மில் குளோரின் போன பின் டெங்குக் கொசு முட்டையிடும். ஊருக்கு ஊர் தண்ணீர் வேறு என்பதையும் மறக்கக் கூடாது. சான் பிரான்சிஸ்கோ 2004 முதல் குளோராமைன் கலக்கிறது. அது ஒரு ராத்திரியில் பறந்துபோகாது. அந்த ஊர்த் தோட்டக்காரருக்கு இந்த அறிவுரை பயன்படாது.

ஆகவே, பழக்கத்தை அதன் அளவுக்குச் சுருக்கிக்கொள்வதே சரி. உயிர் உரம் கரைக்கும் நாளிலும் பிளீச்சிங் நெடி அடிக்கும் நாளிலும் தண்ணீரை வைத்திருந்து ஊற்றலாம். மற்ற நாளில் அந்த அக்கறையை உப்பின் பக்கம் திருப்ப வேண்டும். சில நூறு ரூபாய் டிடிஎஸ் மீட்டரால் பருவத்துக்கு ஒருமுறை தண்ணீரை அளந்து பார்க்கலாம். கோடையில் மாதம் ஒருமுறையாவது, கிடைக்கிற நல்ல தண்ணீரை அடித்துளை வழியே ஓடும்வரை ஊற்றி, தட்டில் சேர்ந்ததை அப்புறப்படுத்தலாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை. போர் தண்ணீரோடு கலந்தால் அதன் செறிவைக் குறைக்கும். தமிழ்நாட்டில் 2003-லேயே கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பில் கூரைத் தண்ணீர் பெரும்பாலும் நிலத்துக்குள் போகிறது. அதில் ஒரு டிரம்மை மூடியோடு செடிகளுக்கென்று நிறுத்திவைத்தால், முந்நூற்றைம்பது நாள் வாளி நிரப்பிக் காத்திருப்பதைவிட அதிகப் பலன் கிடைக்கும்.