தாயத்துக்குள் இருக்கும் கிதாபு

மந்திரத்தின் வரலாறு படிக்க எங்கே தொடங்குவது என்று கேட்டால், கைக்கு முதலில் வருவது ஐரோப்பாவின் கதைதான். வரலாற்றாசிரியர் கீத் தோமஸ் 1971 இல் எழுதிய பெருநூல் பெரும்பாலும் 16, 17 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தோடு நிற்கிறது. ஆனாலும் அதைத் தள்ளிவிடக் கூடாது. தீர்த்தமும் ஆசீர்வாதமும் வேண்டாம் என்று சீர்திருத்தச் சபை விலக்கியபோது, நோயும் களவும் வந்த ஏழைகள் யாரிடம் போனார்கள் என்று அவர் விரிவாகக் காட்டுகிறார். தாயத்து ஷிர்க் (இணைவைப்பு) என்று பள்ளி மிம்பரில் கேட்டுக்கொண்டே, ஓதிய தண்ணியும் குடித்து வளர்ந்த கிழக்கிலங்கை இறக்காமத்து வாசகருக்கு அந்தப் பக்கங்கள் நெஞ்சில் தைக்கும்.

முதல் நூலாக நான் கொடுப்பது ஓவன் டேவிஸின் 'கிரிமோயர்ஸ்' (2009). மந்திரம் வாயால் மட்டும் பரவவில்லை, கையெழுத்துப் பிரதியாலும் அச்சாலும் ஊர்விட்டு ஊர் போனது என்பதை அவர் நிறுவுகிறார். அந்தப் பயணத்தில் அறபு நூல்களுக்குப் பெரும் பங்குண்டு. அந்தலூசியாவில் எழுதப்பட்ட 'காயத்துல் ஹகீம்' 13 ஆம் நூற்றாண்டில் காஸ்டிலிய மொழிக்குப் போய், பின் லத்தீனில் 'பிகாட்ரிக்ஸ்' ஆனது.

அறிமுக நூல்கள் இன்னும் நிதானமாக நிற்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. இமாம் கஸ்ஸாலி (இறப்பு 1111) தம் 'அல்முன்கித்' நூலில் ஒரு கட்டத்தைத் தருகிறார். மேலே 4, 9, 2. நடுவே 3, 5, 7. கீழே 8, 1, 6. நேராகவோ குறுக்காகவோ கூட்டினாலும் 15 வரும். பிரசவம் கடினமானால், தண்ணீர் படாத இரண்டு துணித்துண்டுகளில் இதை எழுதி, அந்தப் பெண் கண்ணால் பார்த்தபின் காலடியில் வைப்பார்கள் என்கிறார். மூலைகளில் உள்ள 2, 4, 6, 8 என்ற எண்களை அறபு எழுத்தாக்கினால் 'பதூஹ்' என்ற மந்திரச்சொல் வரும். இஸ்மு வேலை தெரிந்தவர் தகட்டில் கட்டம் கீறுவது இந்தக் கல்வியின் தொடர்ச்சிதான். எழுதப்படிக்கத் தெரியாதவன் மூடத்தனம் என்று இதை ஒதுக்குவது வரலாற்றுக்குச் செய்யும் அநியாயம். இப்னு கல்தூனும் 1377 இல் எழுதிய 'முகத்திமா'வில் சிஹ்ர் (சூனியம்) உண்மை என்று ஒப்புக்கொண்டே, அது ஹறாம் என்கிறார். இரண்டையும் சேர்த்துச் சொல்லும் அந்த நேர்மை இன்றைய விவாதங்களில் அரிது.

இலங்கைக்கு வந்தால் மானிடவியலாளர்களான புரூஸ் கப்பரரும் கணநாத் ஒபயசேகரவும் முன்னே நிற்கிறார்கள். கப்பரரின் 1983, 1997 நூல்கள் வலிமையானவை, ஆனால் தென்பகுதிச் சிங்களச் சடங்குகளைப் பற்றியவை. நமக்குப் பக்கத்தில் வந்தவர் டெனிஸ் மெக்கில்வ்ரே. அக்கரைப்பற்றில் பல காலம் தங்கி, 2008 இல் நூல் தந்தார். தமிழரையும் முஸ்லிம்களையும் ஒரே ஊராய்ப் பார்த்த நூல் அது. அதன் பாரம் குடி, தாய்வழி, கோயில், பள்ளி என்பவற்றில்தான்.

மட்டக்களப்பான் வந்தவனைப் பாயோடு ஒட்டவைப்பான் என்று வெளியூரார் சொல்லும் இந்தக் கரைக்கு, செய்வினையையும் கண்ணூறையும் ஓதிப்பார்த்தலையும் ஒன்றாய் வைத்துத் தமிழில் ஓர் அறிமுக நூல் வேண்டும். அதற்கான மூலம் பரிசாரிமாரின் ஏடுகளிலும் லெப்பைமாரின் அறபுத்தமிழ்க் கொப்பிகளிலும் இருக்கிறது. வீட்டில் அப்படி ஒன்று கிடந்தால் எரிக்கவோ பழைய கடதாசிக்குப் போடவோ வேண்டாம். ஒலுவிலில் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தையும் படம்பிடித்து வைக்கும் வேலையை அங்கிருந்தே தொடங்கலாம்.