ஆற்றுப்படுத்துதலும் இழந்த ஊரும்
தயா சோமசுந்தரத்தின் இரு நூல்கள் குறித்து ஒரு திறனாய்வு

வாழ்வு திடீரெனத் திசைமாறும்போது மனிதர் எவ்வாறு மீண்டும் நிலைபெறுகின்றனர்? உளநல மருத்துவம் அதற்கு எந்த அளவுக்குத் துணைபுரியக்கூடும்? இவ்வினாக்கள் மருத்துவருக்கு மட்டும் உரியன அல்ல. துணையை இழந்தோர், வேலை பறிபோனோர், பிள்ளைகள் கடல்கடந்து சென்றபின் தனித்து நிற்கும் முதியோர், பணி ஓய்வுக்குப்பின் காலைப்பொழுதை என் செய்வதென அறியாதோர் ஆகிய பலரும் முதலில் நாடி வருவது ஆயரின் இல்லத்தையே. பழங்காநத்தம் போன்ற நகர்ப்புறத்தில் பணிபுரியும் எவரும் இதனை அறிவர். ஆகவே இத்துறையில் தமிழ் மண்ணிலிருந்து எழுந்த நூல்களைக் கருத்தூன்றிப் பயிலுதல் நமது கடன். அவற்றுள் தலையாயவை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம் ஆங்கிலத்தில் எழுதிய இரு நூல்கள். 'வடுவுற்ற மனங்கள்' எனப் பொருள்படும் 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' 1998இலும், 'வடுவுற்ற சமூகங்கள்' எனப் பொருள்படும் 'ஸ்கார்ட் கம்யூனிட்டீஸ்' 2014இலும் வெளிவந்தன.

1. சொல்லும் பொருளும்

நூல்களுக்குள் புகுமுன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் நன்று. 'சிகிச்சை' என்றவுடன் நோய் ஒன்று உண்டென்பது பெறப்படுகிறது. ஆனால் துணைவரின் மரணமும், இடப்பெயர்வும், பணி ஓய்வும் நோய்கள் அல்ல. 1967இல் ஹோம்ஸ், ராஹே என்னும் அமெரிக்க உளமருத்துவர் இருவர் வாழ்க்கை நிகழ்ச்சிகள் 43ஐத் தொகுத்து, அவை ஒவ்வொன்றும் கோரும் பாரத்துக்கு எண்மதிப்பு அளித்தனர். வாழ்க்கைத்துணையின் இறப்புக்கு 100. பணி ஓய்வுக்கு 45. மகிழ்ச்சிக்குரியதாகிய திருமணத்துக்கும் 50. மாற்றம் என்பதே மனிதர் சுமக்கவேண்டிய பாரம் என்பது இதன் கருத்து.

இப்பாரத்தைச் சுமப்போர்க்குச் செய்யும் உதவியை ஈழத்தார் 'உளவளத்துணை' என்றும் 'சீர்மியம்' என்றும் வழங்குகின்றனர். நாம் 'ஆற்றுப்படுத்துதல்' என்கிறோம். ஆறு என்பது வழி. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வழியில் எதிர்ப்பட்ட வறிய கலைஞனுக்குத் தான் நடந்துவந்த வழியைக் காட்டுவதே ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் இவ்வகையின. அவற்றுள் திருமுருகாற்றுப்படை நமக்கு அருகிலுள்ள திருப்பரங்குன்றத்தையே முதலில் காட்டுகிறது. வழிகாட்டுபவன் மேலிருந்து பேசுபவன் அல்லன், அவ்வழியே நடந்தவன். நடக்கவேண்டியவனும் நோயாளி அல்லன், பயணி. உதவியைக் குறித்த எந்நூலையும் இவ்வளவுகோலால் அளந்து பார்க்கலாம்.

2. தனிமனிதரிலிருந்து சமூகத்துக்கு

முதல் நூல் போர் தனிமனித மனத்தில் விளைவித்த ஊறுகளை ஆராய்கிறது. நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயை 1980இல்தான் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் கையேட்டில் சேர்த்தது. போர்க்களத்தினின்று மீண்ட படைவீரரை முன்னிட்டு உருவான அவ்வகைப்பாட்டைக் கையாண்டு, யாழ்ப்பாணத்துக் குடிமக்களின் துயரை உலகறியச் செய்தார் ஆசிரியர். அது காலத்துக்கேற்ற தொண்டே.

ஆயினும் நிகழ்ச்சிகள் அவ்வகைப்பாட்டை விஞ்சின. 1995 அக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் வீடுகளை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கரையோரத்தை அழித்தது. 2009 மே மாதம் வன்னியில் போர் முடிவுற்றபோது எஞ்சியோர் முட்கம்பி வேலிகளுக்குள் அடைக்கப்பட்டனர். ஒருவரது வீடு இடிந்தால் அயலார் தாங்குவர். அயலே இல்லாமற்போனால் தாங்குபவர் யார்? நம்பிக்கை தளர்தல், வாய்மூடி இருத்தல், பிறரைச் சார்ந்தே வாழப் பழகுதல், தலைமை இன்மை, நெறிமுறைகள் சிதைதல் ஆகியவற்றை ஒருவரது உள்ளத்தின் நோய்க்குறிகளாக அன்றி, ஒரு சமூகத்தின் நோய்க்குறிகளாகவே ஆசிரியர் காண்கிறார். இதனைக் 'கூட்டு மனவடு' என்கிறார். எனவே மருத்துவரின் அறைக்குள் மட்டும் இதற்குப் பரிகாரம் இல்லை என்பது இரண்டாம் நூலின் துணிபு.

3. நூல்களின் வலிமை

இந்நோக்கிலிருந்து மூன்று நன்மைகள் விளைகின்றன.

முதலாவது, மரபை மூடநம்பிக்கை என ஒதுக்காமை. எட்டாம் நாள், முப்பத்தொன்றாம் நாள், ஆண்டுத் திவசம் என்னும் ஒழுங்கு துக்கத்துக்குக் கால எல்லை வகுக்கிறது, உறவினரைக் கூட்டுகிறது, அழுவதற்கு இடமளிக்கிறது. உடலும் மனமும் இளைப்பாறும் பயிற்சியிலும், இந்து, பௌத்தர், இஸ்லாமியர், கிறிஸ்தவர் ஆகிய ஒவ்வொருவரும் தத்தம் மரபின் திருச்சொல்லையே கூறுமாறு ஆசிரியர் வழிசெய்தார். வேற்று மொழியில் அமைதி தேடுமாறு எவரையும் அவர் பணிக்கவில்லை.

இரண்டாவது, உதவுவோர் எல்லாரும் வல்லுநராக இருக்கவேண்டியதில்லை என்னும் தெளிவு. ஆசிரியர்களும் கிராமப் பணியாளரும் சமயப் பணியாளரும் பயிற்சி பெற்றால் பெரும்பணி ஆற்றலாம். இக்கூற்றுக்குப் பிற்கால ஆய்வும் சான்று பகர்கிறது. கோவாவில் நிகழ்ந்து 2017இல் வெளியான ஆய்வில், குறுகிய பயிற்சி பெற்ற சாதாரண மக்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் கடும் மனச்சோர்வுற்றோர்க்கு உதவினர். குறிப்பிடத்தக்க பயனும் கண்டனர். அம்முறை எளியது: கைவிட்ட அன்றாடச் செயல்களை ஒவ்வொன்றாக மீண்டும் மேற்கொள்ளச் செய்வது. குளித்தல், சந்தைக்குப் போதல், ஒருவரைச் சென்று காணுதல் போன்ற சிறு செயல்களால் சிதறிய நாள் மீண்டும் உருப்பெறுகிறது.

மூன்றாவது, பொறுமை. பேரிடர் நேர்ந்தவுடன் ஒரே அமர்வில் நடந்தவற்றையெல்லாம் சொல்லவைக்கும் முறை மனவடுவைத் தடுப்பதில்லை என்று 2002இல் ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர் முடிவுரைத்தனர். எனினும் ஆழிப்பேரலைக்குப் பின் வெளிநாட்டினர் பலர் மொழியும் அறியாமல் ஆற்றுப்படுத்த விரைந்து வந்தனர். அம்மக்களிடையே பல்லாண்டு வாழ்ந்து பணியாற்றியவரின் நூல்கள் இவ்விரைவுக்கு நேர்மாறானவை.

4. நிறைவுறாத இடங்கள்

இத்துணைச் சிறப்புடைய நூல்களிலும் நாம் தயங்கி நிற்கவேண்டிய இடங்கள் உள.

சமூகம் ஆற்றும்; அதே சமூகம் காயப்படுத்தவும் செய்யும். கணவனை இழந்தவளின் பொட்டையும் பூவையும் நீக்கி, மங்கல நிகழ்ச்சிகளினின்று அவளை விலக்குவதும் நம் மரபே. அவளுக்கு அச்சடங்கு துக்கத்தின் முடிவன்று. நீண்டதொரு தண்டனையின் தொடக்கம். கிறிஸ்தவ இல்லங்களிலும் இது மறைந்துவிட்டதெனக் கூறவியலாது. பேராசிரியர் இதனை அறியாதவர் அல்லர். ஆயினும் அவர் துலாக்கோல் மரபின் பக்கமே சற்றுச் சாய்கிறது. ஊர் கேளாத தனியறை ஒன்றில், தன் மாமியாரும் அயலாரும் அறியாவண்ணம், ஒரு பெண் மனந்திறந்து பேசும் உரிமையைத் தனியாள் ஆற்றுப்படுத்துதல் அளிக்கிறது. சமூகம் வேண்டும் என்பதற்காக அவ்வறையின் கதவை நாம் அடைத்துவிடலாகாது.

அடுத்தது, காணாமற்போனோர் குறித்தது. இறந்தோர்க்குச் சடங்கு உண்டு. இறந்தனரா என அறியப்படாதோர்க்கு எச்சடங்கு உண்டு? அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ் இதனைத் தெளிவற்ற இழப்பு என வகைப்படுத்தினார். இலங்கை அரசு 2016இல் இயற்றிய சட்டம், இறப்புச் சான்றிதழுக்கு மாற்றாக, ஒருவர் காணக்கிடைக்கவில்லை என்று சான்றளிக்கும் பத்திரத்துக்கு வழிசெய்தது. ஆனால் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கிய தாய்மார் கேட்டது பத்திரம் அன்று, விடை. இத்தகையோரிடம் இழப்பை ஏற்றுக்கொள்ளுமாறு கூறுவது, மகனைத் தாயே கைவிடுமாறு கூறுவதற்கு ஒப்பாகும். மாற்றவேண்டியதைப் பொறுத்துக்கொள்ளப் பழக்குவது ஆற்றுப்படுத்துதல் ஆகாது.

மூன்றாவது, நமக்கு மிக அண்மையிலுள்ளது. இந்நூல்கள் இழந்த மண்ணிலிருந்து எழுதப்பட்டவை. மதுரையைச் சுற்றி ஆனையூரிலும் உச்சப்பட்டியிலும் திருவாதவூரிலும் முகாம்களில் வாழ்வோரின் நிலை வேறு. 1983 முதல் வந்தோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கேயே பிறந்தவர்கள். பெற்றோர் இருவரும் இந்தியக் குடியுரிமை அற்றோராயின், 1987 ஜூலை முதல் நாளுக்குப் பின் இங்குப் பிறந்தோரும் பிறப்பால் குடிமக்கள் ஆவதில்லை. 2021இல் தமிழக அரசு அகதி முகாமை மறுவாழ்வு முகாம் எனப் பெயர் மாற்றியது; பெயர் மாறியும் முகாம் முகாமாகவே நிற்கிறது. பெற்றோர் ஓர் ஊரை இழந்தனர். பிள்ளைகளோ எந்த ஊரையும் இன்னும் பெறவில்லை. பெறாததை இழந்ததாக எண்ணித் துக்கிப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு இந்நூல்களில் போதிய விடை இல்லை. அதனை எழுதவேண்டியவர்கள் இக்கரையில் உள்ளோரே.

5. திருப்பணிக்குரிய முடிபுகள்

இத்திறனாய்விலிருந்து நம் பணிக்கு மூன்று முடிபுகள் பெறப்படும். துயருற்றோரை உடனே தேற்ற முயலாது, முதலில் முறையிட விடுதல் வேண்டும். பஞ்சத்தால் ஊர்பெயர்ந்து, கணவனையும் இரு மக்களையும் பறிகொடுத்துத் திரும்பிய நகோமி தன் பெயரையே மாற்றிக் கசந்து பேசியபோது, திருமறை அவளைக் கடிந்துகொள்ளவில்லை. அவளோடு உடன்நடந்த ஒருத்தியும், கதிர்பொறுக்க விட்ட வயலும், பிழைக்க வழிவகுத்த முறைமையும் சேர்ந்தே அவளை நிலைநிறுத்தின. துணை, தொழில், நீதி ஆகிய மூன்றும் ஒருங்கே தேவை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

இரண்டாவது, உறக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தாலும், உணவு செல்லாவிடினும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் சிறிதேனும் தோன்றினாலும், தாமதமின்றி உளமருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். இறைவேண்டல் மருத்துவத்துக்குப் போட்டி அன்று. மருத்துவரிடம் செல்வது விசுவாசக் குறைவும் அன்று.

மூன்றாவது, சபைகளில் இழப்பின் வழியே நடந்து தேறியோரை இனங்கண்டு, பயிற்சியளித்து, இப்போது அவ்வழியில் நடப்போர்க்குத் துணையாக அமர்த்தவேண்டும். கைம்பெண்ணுக்குக் கைம்பெண்ணும், வேலை இழந்தவர்க்கு வேலை இழந்து மீண்டவரும் காட்டும் வழியை ஆயர் தனித்துக் காட்டவியலாது.

யாழ்ப்பாணத்துப் பேராசிரியரின் நூல்கள் நமக்கு உணர்த்தும் தலையாய உண்மை இதுவே: தனித்து மீள்பவர் எவரும் இலர். அவ்வுண்மையோடு, கூட்டமே சுமையாகி நெரிப்போர்க்கு ஒரு தனியறையும், விடை கிடைக்காதோர்க்கு நீதிக்கான குரலும் வேண்டும் என்பதை நாம் சேர்த்துக்கொள்ளல் தகும்.