தேக்காவுக்கு வந்து சேரும் அறிவியல்

வீவக புளோக்கின் மின்தூக்கி அருகே ஒட்டப்படும் டெங்கி எச்சரிக்கை முதல் பலதுறை மருந்தகத்தில் கிடைக்கும் நீரிழிவுக் கையேடு வரை, சிங்கப்பூரில் சுகாதாரத் தகவல் தமிழிலும் வருகிறது. இதைச் சிறிய விஷயமாகத் தள்ளிவிட முடியாது. குடியிருப்பாளர்களில் இந்தியர்கள் ஏறத்தாழ 9 விழுக்காடுதான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் தமிழை அதிகம் பேசுவோர் அவர்களிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவு. இத்தனை சிறிய கூட்டத்துக்காக ஓர் அரசு விடாமல் செலவிடுகிறது. 1935இல் தொடங்கிய தமிழ் முரசும், ஒலி 96.8உம், வசந்தமும் அந்தத் தகவலை வீடுகளுக்குள் கொண்டுசெல்கின்றன. கொள்ளைநோய்க் காலத்தில் இந்த ஏற்பாட்டின் வேகத்தை எல்லாரும் கண்டோம்.

ஆனால் தமிழில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அறிவுரை. அந்த அறிவுரை எந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது, எவ்வளவு உறுதியானது, எங்கே இன்னும் விவாதம் நடக்கிறது என்பதெல்லாம் ஆங்கிலத்திலேயே தங்கிவிடுகிறது. இந்த நடைமுறையின் மையக் குறை இதுதான் என்று நினைக்கிறேன்.

நீரிழிவையே பார்ப்போம். 2010 தேசியச் சுகாதார ஆய்வின்படி, நீரிழிவு உள்ளோர் இந்தியர்களில் 17.2 விழுக்காடு, மலாய்க்காரர்களில் 16.6, சீனர்களில் 9.7. 2016இல் சுகாதார அமைச்சு இந்நோயின்மீது போர் தொடுப்பதாக அறிவித்தது. சோற்றைக் குறையுங்கள், தட்டில் பாதியைக் காய்கறி பழங்களுக்கு விடுங்கள், தேநீரைக் கோசோங்காக, அதாவது சர்க்கரையில்லாமல், கேளுங்கள் என்ற அறிவுரைகள் தேக்கா உணவங்காடி வரை வந்துவிட்டன. எல்லாம் சரியானவையே. ஆனாலும் “நான் ஒல்லிதானே, எனக்கு எப்படி வரும்?” என்று கேட்கும் மாமாவுக்கு அவற்றில் பதில் இல்லை.

பதில் அறிவியலில் இருக்கிறது. ஒரே உயரம், ஒரே எடை கொண்ட ஐரோப்பியரையும் தெற்காசியரையும் ஒப்பிட்டால், நம் உடலில் சராசரியாகத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அதுவும் வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் சேரும் கொழுப்பு. அது இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. அதனால்தான் உலக அளவில் உடல் எடைக் குறியீடு 25ஐ எட்டும்போது தரும் எச்சரிக்கையைச் சிங்கப்பூரில் 23லேயே தருகிறார்கள். இந்தக் காரணம் தெரிந்தவர் இடுப்பளவைப் பார்ப்பார். ரத்தப் பரிசோதனைக்குப் போவார். தெரியாதவருக்கு 17.2 என்ற எண் ‘உங்கள் சாப்பாடு மோசம்’ என்ற குற்றச்சாட்டாகத்தான் கேட்கும். போதாததற்கு, ‘இந்தியர்’ என்ற ஒற்றைப் பெட்டிக்குள் தமிழரும் பஞ்சாபியரும் குஜராத்தியரும் சேர்ந்தே எண்ணப்படுகிறார்கள். அந்த எண்ணை ஒரு தமிழ்க் குடும்பம் எப்படிப் படிக்க வேண்டும் என்று யாராவது சொல்லித்தர வேண்டாமா?

இன்னொன்றும் உறுத்துகிறது. 2007 முதல் 2009 வரை இங்கே நடந்த இந்தியர் கண் ஆய்வில் நாற்பது வயதைத் தாண்டிய சுமார் 3,400 பேர் கலந்துகொண்டார்கள். 2019இல் ‘செல்’ ஆய்விதழில் வெளியான சிங்கப்பூர் மரபணுத்தொகுதி ஆய்வில் 4,810 பேர்; அவர்களில் 1,127 பேர் இந்தியர்கள். உலகமே மேற்கோள் காட்டும் அறிவியல், நம்மவர் தந்த ரத்தத்திலிருந்தும் நேரத்திலிருந்தும் உருவானது. அதில் என்ன கண்டுபிடித்தார்கள் என்று பாட்டி உட்கார்ந்து படிக்கும்படியான நிதானமான தமிழ்க் கட்டுரை மிக அரிதாகவே கண்ணில் படுகிறது. உடலைத் தந்தவர்களுக்கு முடிவையும் தருவது சலுகை ஆகாது. அது கடன்.

கணக்கெடுப்பின் குடியிருப்பாளர் பட்டியலில் வராத இன்னொரு தமிழ்ச் சமூகம் புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் வேலைக்கு வந்திருக்கிறது. 2020இல் தங்குவிடுதிகளில் கொவிட் பரவியபோது அவர்களுக்குத் தமிழிலும் வங்காள மொழியிலும் தகவல் போனது. இடைவெளி விடுங்கள் என்றது அறிவிப்பு. ஒரே அறையில் பன்னிரண்டு பேருக்கு மேல் அடுக்குக் கட்டிலில் படுத்திருந்தவர்கள் எங்கே இடைவெளி விடுவது? அந்த டிசம்பரில் வெளியான கணக்குப்படி, விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது. தமிழில் பிழையில்லாமல் எழுதியிருந்தாலும் பின்பற்ற வழியில்லாத அறிவுரை பயன்படாது. அடுத்த அறிவிப்பின் மீதுள்ள நம்பிக்கையையும் அது தேய்த்துவிடும். 2021இல் புதிய விடுதிகளுக்கு அறைக்கு 12 பேர், கட்டில்களுக்கிடையே ஒரு மீட்டர் என்ற விதி வந்தது. அறிவியல் உண்மையில் பேச வேண்டிய இடம் அதுதான்.

அமெரிக்கக் கறுப்பினத்தவரிடையே நடந்த ஒரு சோதனை இங்கே உதவும். டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களின் மேகநோய்க்கு மருந்து கொடுக்காமல் வேடிக்கை பார்த்த கொடுமைக்குப் பிறகு, மருத்துவர்மேல் அவநம்பிக்கை அங்கே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதனால் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் ஆய்வாளர்கள், கறுப்பின ஆண்கள் வழக்கமாகப் போகும் முடிதிருத்தும் கடைகளில் வைத்தே ரத்த அழுத்தம் பார்த்தார்கள். 2018இல் முடிவு வெளியானது. முடிதிருத்துபவர் அறிவுரை சொல்லி மருத்துவரிடம் போகத் தூண்டிய கடைகளில் மேல் அழுத்தம் சுமார் 9 புள்ளி குறைந்தது. மருந்தாளுநரே கடைக்கு வந்து மருந்தும் எழுதிக்கொடுத்த கடைகளில் 27 புள்ளி குறைந்தது. நம்பிக்கைக்குரியவர் சொல்வது பலன் தரும். சொல்லோடு சிகிச்சையும் வந்தால் பலன் ஏறத்தாழ மூன்று மடங்கு.

ஞாயிறு மாலை தேக்காவில் ஆயிரக்கணக்கில் ஊழியர்கள் கூடுகிறார்கள். முடிதிருத்தகம், பணம் அனுப்பும் கடை, பெருமாள் கோயில் வாசல் என எல்லா இடங்களிலும் பேச்சு தமிழில்தான். 2022 ஏப்ரல் முதல் அவர்களில் பலருக்கு அடிப்படை மருத்துவத் திட்டமும் இருக்கிறது. அங்கே தமிழ் பேசும் தாதியர் ஒருவர் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, காரணத்தை விளக்கி, மறுநாள் போக வேண்டிய மருந்தகத்துக்கு முன்பதிவும் செய்து கொடுக்கட்டும். துண்டுப் பிரசுரம் அச்சிடும் செலவில் ஒரு பகுதியை நான் இதற்குத் திருப்பிவிடுவேன். இன்னொரு பகுதியை, ஆய்வுத்தாளைத் தானே படித்து, ஆய்வாளரைக் கேள்வி கேட்டுத் தமிழில் எழுதக்கூடிய இரண்டு மூன்று செய்தியாளர்களைப் பயிற்றுவிக்கச் செலவிடுவேன்.