அச்சுப்பொறி இருக்கிறது, யாருடையது?

வைஃபையில் சேர்ந்து 'பிரிண்ட்' என்று தட்டியதும், கைப்பேசியில் அச்சுப்பொறியின் பெயர் தானாக வந்து நிற்கிறது. நாம் எந்த முகவரியும் தரவில்லை. அச்சிட்டுத் தர யாராவது உண்டா என்று 224.0.0.251 என்ற பொது முகவரிக்குக் கைப்பேசி கேள்வி அனுப்புகிறது. அச்சுப்பொறி தன் பெயர், சேவை வகை, போர்ட் எண், சில குறிப்புகள் ஆகியவற்றைப் பதிலாகத் தருகிறது. ஆப்பிள் 2002இல் கொண்டுவந்து, பிறகு போன்ஜூர் என்று பெயர் மாற்றிய இந்த முறை, 2013இல் ஆர்எஃப்சி 6762, 6763 என்ற இணையத் தரநிலைகளாக வெளிவந்தது.

இது வென்றதற்குக் காரணம் அதன் கஞ்சத்தனம். 1999இல் சன் நிறுவனம் வெளியிட்ட ஜினி என்ற போட்டி முறை, கருவிகள் ஜாவா மொழியில் பேச வேண்டும் என்று எதிர்பார்த்தது. இன்னொரு போட்டி முறையான யுபிஎன்பி நீளமான எக்ஸ்எம்எல் விவரணைகளைக் கேட்டது. போன்ஜூருக்கோ நாலு வரி போதும், மலிவான சில்லும் சமாளித்துவிடும். 2022இல் வந்த மேட்டர் தரநிலையும் விளக்கையும் பூட்டையும் கண்டுபிடிக்க இதைத்தான் நம்பியிருக்கிறது.

சிக்கலும் அந்த நாலு வரியில்தான். ஒரே வைஃபையில் இருப்பவர்கள் ஒரே வீட்டார் என்று இம்முறை எடுத்துக்கொள்கிறது. மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்தக் கணக்கு சரிவராது. அறை அறையாக வாடகைக்கு விட்ட வீட்டிலும், கேஎல் சென்ட்ரல் பக்கத்து ஹோம்ஸ்டேயிலும் முன்பின் தெரியாதவர்கள் ஒரே வைஃபையில் இருப்பார்கள். படம் பார்க்கத் தொலைக்காட்சியைத் தேடினால் அடுத்த அறைக்காரருடையதும் பட்டியலில் வரும். தொட்டால் அவர் திரையில் நம் படம் ஓடக்கூடும். விருந்தினர் வைஃபையைத் தனியாகப் பிரித்தாலோ, நம் அறைத் தொலைக்காட்சியே தென்படாது. இரண்டுக்கும் இடைப்பட்ட வழி சில விலையுயர்ந்த ரூட்டர்களில் உண்டு. வாடகை வீட்டுக்காரர் அதை வாங்குவாரா?

கருவிகளின் பெயர்களும் இப்படியே பரவுகின்றன. உரிமையாளர் பெயரைத் தாங்கிய மடிக்கணினி, காப்பிக் கடையில் அவர் வந்திருப்பதை அறிவித்துவிடும். 2020இல், செயலிகள் உள்வலையைத் தேடுமுன் ஐஓஎஸ் 14 அனுமதி கேட்கத் தொடங்கியது. அதே ஆண்டு ஆர்எஃப்சி 8882 இந்தத் தனியுரிமைக் குறையைப் பட்டியலிட்டது. ஐஓஎஸ் காட்டும் அனுமதிப் பெட்டியை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

பெயர் இப்படிப் பரவினாலும், தேவையான விவரம் வருவதில்லை. இத்தனைக்கும், அச்சுப்பொறியின் குறிப்புகளில் 'நோட்' என்றொரு புலம் இருக்கிறது. கருவி எங்கே இருக்கிறது என்று மனிதர் படிக்கும்படி எழுதத்தான் அது. 'இரண்டாம் மாடி, கணக்குப் பிரிவு' என்று எழுதலாம். நான் பார்த்த அலுவலகங்களில் அது வெறுமையாகவே கிடக்கிறது. அதனால் ஒரே மாடலில் ஐந்து அச்சுப்பொறிகள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட வேண்டியதுதான். நம் நகலெடுக்கும் கடைகளில் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வதை நான் பின்தங்கிய வழக்கமாக நினைக்கவில்லை. எந்த இயந்திரம், என்ன விலை என்பதை அங்கே ஓர் ஆள் சொல்லிவிடுகிறார்.

நம் கடைகளில் பணம் செலுத்தப் பயன்படும் டியூட்நவ் கியூஆர், இந்த வைஃபை முறைக்கு நேர் எதிர். ஸ்கேன் செய்யும் அட்டைக்குள் கடையின் பெயர், நகரம், வணிக வகை எல்லாம் இருக்கின்றன. பணம் போகுமுன் பெறுபவர் பெயர் திரையில் வருகிறது. மேலே வேறு ஸ்டிக்கரை ஒட்டினாலும், படித்துப் பார்ப்பவர் பெயர் மாறியிருப்பதைக் கண்டுபிடிக்கலாம். விவரணையில் நல்ல மதிப்பெண். ஆனால் அட்டை தானாக அழைக்காது, கண்தான் தேட வேண்டும். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இயங்கும் பிரிக்ஃபீல்ட்ஸில் இது சின்னக் குறை அல்ல. திரையில் வரும் பெயரைக் கைப்பேசி வாய்விட்டுப் படித்துவிடும். கல்லாவில் அட்டை எந்தப் பக்கம் என்பதை யாராவது சொல்ல வேண்டும்.

ஒன்று கூப்பிடுகிறது, யாரென்று சொல்வதில்லை. மற்றொன்று யாரென்று சொல்கிறது, கூப்பிடுவதில்லை. புதிதாக இன்னொரு தரநிலை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உரிமையாளர், இடம், யாருக்கு அனுமதி என்ற மூன்றையும் நிரப்பாமல் கருவி அறிவிப்பைத் தொடங்கவே கூடாது என்று தயாரிப்பாளர்கள் அமைத்தால், இருக்கும் முறையே பாதிக் குறையைத் தீர்க்கும். பொய்ப் பெயர் போடுபவரைத் தடுக்க வங்கியைப் போல் உறுதி செய்யும் ஒருவர் வேண்டும். வீட்டு வைஃபையில் அந்த வேலைக்கு இன்னும் ஆளில்லை.